சென்னை அடுக்ககத்தில் கிங் டைகர் பிளெக்கோ இனப்பெருக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வட சென்னையில், பெரம்பூர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில், 2020 கடைசியிலிருந்து 2024 நடுப்பகுதி வரை நடந்தது இது. வளர்த்தவர்கள் இருவர். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அவருடைய மருமகள், பள்ளியில் வேதியியல் ஆசிரியை. தண்ணீர் அளவுகள், தீனி, மீனின் நடத்தை எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் அந்த ஆசிரியை எழுதி வந்தார். அந்த நோட்டையும் அந்தத் தொட்டியையும் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்தும், இருவரிடமும் கேட்டறிந்ததை வைத்தும் இதை எழுதுகிறேன். பிளெக்கோ மீன் வளர்ப்பில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இந்த வீட்டில் உண்மையான வேலையைச் செய்தது ஆண் மீன். அதை அதன் போக்கில் விடுவதற்கு இவர்களுக்கு இரண்டு ஈடு முட்டைகள் (ஒரு தடவையில் இடுவது ஓர் ஈடு) போக வேண்டியிருந்தது.

எந்த மீன், ஏன் அந்த மீன்

நம் ஊர்க் கடைகளில் பிளெக்கோ என்றால் 'டேங்க் கிளீனர்', 'சக்கர்' என்று விற்கும் பெரிய கறுப்பு மீன்தான் நினைவுக்கு வரும். அது ஓரடிக்கு மேல் வளரும். வீட்டில் இடம் போதாமல் ஏரியில் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலை வீசுபவர்களுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. இங்கே பேசப்போவது அதன் தூரத்து உறவு. பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஓடும் ஷிங்கு ஆற்றின் பாறை இடுக்குகளில் வாழும் ஹைபான்சிஸ்ட்ரஸ் வகை அது. கையளவுக்குள் அடங்கும், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட மீன்.

இந்த மீன் குடும்பத்தில் எத்தனையோ வகைகள் அறிவியல் பெயர் பெறுவதற்கு முன்பே வணிகத்துக்கு வந்துவிட்டன. அதனால் டாட்ஸ் என்ற ஜெர்மன் மீன் வளர்ப்பு இதழ் 1988-இல் ஒவ்வொன்றுக்கும் 'எல்' எண் கொடுக்கத் தொடங்கியது. வரிக்குதிரை பிளெக்கோ எல்046 ஆனது. கிங் டைகர் என்று சொல்லப்படுவது எல்333.

மாமனாருக்கு முதலில் ஆசை இருந்தது வரிக்குதிரை மேல்தான். 1991-இல் அறிவியல் பெயர் பெற்ற அந்த மீன் ஷிங்குவின் 'பெரிய வளைவு' எனப்படும் பகுதியில் மட்டுமே இருக்கிறது. பெலோ மோன்டே அணை அந்த வளைவுக்கு வர வேண்டிய தண்ணீரின் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டது. அணையின் முதல் டர்பைன்கள் 2016-இல் ஓடத் தொடங்கின. அந்த மீனின் ஏற்றுமதியை பிரேசில் அதற்கு வெகு முன்பே நிறுத்திவிட்டது. ஆனாலும் கடத்தல் நின்றபாடில்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் 2017-இலும், 2022 பனாமா கூட்டத்தின் முடிவால் இரண்டாம் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. 2020-இல் இவர்களுக்குக் கிடைக்கவிருந்த வரிக்குதிரைகள் எங்கிருந்து வந்தவை என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை. காகிதம் எதுவும் இல்லை. ஆசிரியை அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆற்றிலிருந்து திருடியதாக இருக்கக்கூடிய மீனை வாங்கி வளர்த்துவிட்டு அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

எல்333 கீழ் ஷிங்குவைச் சேர்ந்தது. தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிவரும் மீன்கள் கிடைக்கின்றன. பெங்களூரில் ஒருவர் வீட்டில் பிறந்த ஐந்து குஞ்சுகள், கொளத்தூர்க் கடை ஒன்றில் வாங்கிய மூன்று குஞ்சுகள், ஆக எட்டு வந்து சேர்ந்தன. இரண்டு இடத்தில் வாங்கியதற்குக் காரணம், எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்துவிடக் கூடாது என்பது. எட்டும் நாலு, ஐந்து சென்டிமீட்டர் நீளம். ஒன்று முதல் மாதத்திலேயே இறந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள்: தீனி

தொட்டி மூன்றடி நீளம், சுமார் 150 லிட்டர். அடியில் மெல்லிய மணல், நடுவில் ஒரு மரக்கட்டை, ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய வடிகட்டி), ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

ஆரம்பத்தில் வெள்ளரித் துண்டும் பாசி வில்லையும்தான் தீனி. பிளெக்கோ என்றாலே பாசி தின்னும் என்ற நம்பிக்கை அப்படி. நோட்டில் முதல் நாலு மாதமும் திரும்பத் திரும்ப வரும் வரி: 'வெள்ளரி அப்படியே இருக்கிறது, காலையில் எடுத்தேன்.' மீன்களின் வயிறு ஒட்டிப்போய், கண்கள் உள்ளே போனாற்போல் தெரிந்தன. ஹைபான்சிஸ்ட்ரஸ் மீன்களுக்குப் பற்கள் குறைவு. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டுவதற்கான வாய் அல்ல அது. புழு, பூச்சி, இறால் துணுக்கு என்று மாமிசத் தீனியைத்தான் அவை தேடும்.

2021 ஏப்ரலில் தீனி மாறியது. உறைந்த ப்ளட்வார்ம் (சிவப்புப் புழு), பொடியாக நறுக்கிய இறால், மாமிசப் புரதம் அதிகமுள்ள வில்லை. இரவு விளக்கு அணைந்த பிறகு மட்டும் போடுவது, மிச்சத்தைக் காலையில் உறிஞ்சி எடுப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் வயிறு நிறைந்தது, வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இந்தப் பகுதியில் சொல்ல வேறொன்றும் இல்லை. வளர்ந்த மீனாவதற்கு இரண்டிலிருந்து மூன்று ஆண்டு ஆகும், காத்திருக்க வேண்டியதுதான்.

2022 நடுவில் ஆண் பெண் பிரித்தறிய முடிந்தது. மேலிருந்து பார்த்தால் ஆணின் தலை அகலம், பெண்ணுக்கு வயிற்றுப் பக்கம் அகலம். ஆணுக்குச் செவுள் ஓரத்து முட்கள் நீண்டிருக்கும், பக்கத் துடுப்பின் முதல் முள்ளில் சொரசொரவென்று மயிர்போல் முளைத்திருக்கும். கணக்கு: ஆண் மூன்று, பெண் நான்கு.

குகை

வளர்ந்த மீன் இருந்தது, நல்ல தீனி இருந்தது, முட்டை மட்டும் இல்லை. தொட்டியில் ஒளிந்துகொள்ள வைத்திருந்தவை இருபக்கமும் திறந்த பிவிசி குழாய்களும் ஒரு கொட்டாங்கச்சியும். ஆண் மீன்கள் எதிலும் நிலையாக உட்காரவில்லை. பெரிய ஆண் மரக்கட்டைக்கு அடியில் ஒரு சந்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டியது. அந்தச் சந்து ஒரு பக்கம் கண்ணாடியில் முட்டி அடைந்திருந்தது என்பதை ஆசிரியை கவனித்து எழுதியிருக்கிறார்.

இவ்வகை மீன்களில் பெண் குகையின் மூடிய அடி முனையிலும் ஆண் வாயில் பக்கத்திலுமாக இருக்க நடப்பதுதான் இனச்சேர்க்கை. ஆண் பெண்ணைக் குகைக்குள் விட்டு வாயிலை உடம்பால் அடைத்துக்கொள்ளும். சில நேரம் நாள் கணக்கில் வெளியே விடாது. முட்டையிட்டதும் பெண் போய்விடும், ஆண் உள்ளேயே இருந்து துடுப்பால் விசிறி முட்டைக்குத் தண்ணீர் ஓடச் செய்யும். ஆகவே குகை ஒரு முனை மூடியிருக்க வேண்டும். அகலம் ஆணின் உடம்புக்குச் சரியாகப் பொருந்தவும் வேண்டும். அகலம் கூடினால் அதனால் அடைக்க முடியாது.

கடைகளில் கிடைத்த குகைகள் பெரியவை. மாமனார் கொசப்பேட்டையில் மண்பாண்டம் செய்யும் குயவர் ஒருவரிடம் போனார். மீனை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப்போய்க் காட்டினார். வண்ணம் பூசாமல், மெருகு கொடுக்காமல், வெறும் சுட்ட மண்ணில் குழல் வேண்டும் என்று கேட்டார். முதல் தடவை செய்தது அகலம் அதிகம், ஆண் உள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்தது. அப்படித் திரும்ப முடிந்தாலே குகை பெரிது என்று அர்த்தம். இரண்டாம் தடவை நீளம் 15 சென்டிமீட்டர், உள் அகலம் நாலரை, உயரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, அடிப்பக்கம் தட்டை. வாய்ப்பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்திருக்குமாறு மணலில் பதித்தார்கள். நீரோட்டம் வாயிலைக் கடந்து போகிறாற்போல் ஃபில்டர் குழாயைத் திருப்பினார்கள். அன்று இரவே பெரிய ஆண் உள்ளே போய், வாலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இது 2022 நவம்பர்.

இரண்டாவது ஆணுக்கும் ஒரு குகை வைத்தார்கள். ஆனாலும் சண்டை ஓயவில்லை, ஒருநாள் காலையில் அதன் வால் கிழிந்திருந்தது. மூன்று ஆண்களில் இரண்டை வேறு தொட்டிக்கு மாற்றினார்கள்.

தண்ணீர்

இந்த வீட்டுக்கு போர் தண்ணீர். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 1,100 பிபிஎம் அளவில் நிற்கும், பிஹெச் எட்டுக்குப் பக்கம். ஷிங்கு நீர் மிக மென்மையானது, தாது உப்பு மிகக் குறைவு. மாமனார் கடையில் சொன்னபடி பிஹெச் குறைக்கும் திரவத்தை ஊற்றினார். சாயங்காலம் பார்த்தால் 6.8, மறுநாள் காலையில் 7.9. மறுபடி ஊற்றினார். 2023 ஜனவரி, பிப்ரவரி பக்கங்களில் இந்த ஏற்ற இறக்கம் வரிசையாக இருக்கிறது. அதே பக்கங்களில் ஆண் குகையை விட்டு வெளியே வந்து சுற்றியதும் பதிவாகியிருக்கிறது.

"மாமா, தண்ணியில கார்பனேட் இவ்வளவு இருக்கும்போது எத்தனை ஆசிட் ஊத்தினாலும் அது குடிச்சிடும். நாம மீனைத்தான் அலைக்கழிக்கிறோம்" என்றாராம் மருமகள். மாமனார் அந்தப் பாட்டிலை அன்றோடு எடுத்து வைத்துவிட்டார்.

மாற்று வழி எளியது. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் தண்ணீரை டிரம்மில் சேமித்து, அதில் போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, டிடிஎஸ் 120 வரும்படி வைத்தார்கள். பிஹெச் 6.8 பக்கம் தானாக நின்றது. அதன் பிறகு எந்தத் திரவமும் இல்லை.

வெப்பத்துக்கு நம் ஊரில் ஹீட்டர் தேவைப்படவில்லை. இந்த மீன்கள் 28, 29 டிகிரியில் வாழ்பவை. பிரச்சினை மறுபக்கம்தான். மே மாதம் தொட்டி 33 தொட்டது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும், 32-இல் 7.3 தான். ஓடும் ஆற்று மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. மேல்மட்டத்தில் காற்று படும்படி இரண்டு சிறிய மின்விசிறி வைத்ததில் இரண்டு, இரண்டரை டிகிரி இறங்கியது. தண்ணீரை ஓட வைக்கும் வேவ் மேக்கர் ஒன்றும் சேர்ந்தது. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஆர்ஓ ஊற்ற வேண்டி வந்தது.

முதல் ஈடு: 2023 ஜூன்

மே மாதம் முழுவதும் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, தீனியையும் குறைத்தார்கள். ஷிங்குவின் வறண்ட காலத்தைத் தொட்டிக்குள் கொண்டுவரும் முயற்சி இது. ஜூன் நடுவில் சென்னையில் பருவம் தப்பிக் கனமழை பெய்தது. அந்த வாரம் குளிர்ந்த ஆர்ஓ தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்பங்கு மாற்றினார்கள், தீனியைக் கூட்டினார்கள். வெப்பம் 31-லிருந்து 27-க்கு இறங்கியது.

மாதக் கடைசியில் ஒரு பெண் குகைக்குள் போய் இரண்டு இரவு வெளியே வரவில்லை. பிறகு ஆணின் வயிற்றுக்கடியில் மஞ்சள் கொத்து தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் 14 முட்டைகள் மணலில் கிடந்தன, பெரும்பாலும் வெள்ளை பூத்து. முதல் தடவை பொறுப்பேற்கும் ஆண் முட்டையைத் தள்ளிவிடுவது இவ்வகையில் வழக்கம். கருத்தரிக்காத முட்டையில் பூஞ்சை வந்தாலும் தள்ளும். இவர்கள் அந்த இரண்டு நாளும் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்த்ததும் நோட்டில் இருக்கிறது. அது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் குகை மீனுக்கு முகத்தில் வெளிச்சம் நல்லதல்ல என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டாம் ஈடு: 2023 செப்டம்பர்

ஆணை நம்ப முடியாது என்று முடிவானது. முட்டை தெரிந்த இரண்டாம் நாள் குகையை மெல்லத் தூக்கி, ஆணை வெளியேற்றி, கொத்தை ஒரு பெட்டிக்கு மாற்றினார்கள். தொட்டிக்குள்ளேயே தொங்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, அடியில் ஏர் ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் கல்), பூஞ்சை வராமல் லேசாக மெத்திலீன் ப்ளூ. வெள்ளையான முட்டைகளை டிராப்பரால் தினமும் எடுத்தார்கள். கிட்டத்தட்ட 30 முட்டையில் 22 பொரித்தன. வீட்டில் கொண்டாட்டம்.

பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு உருண்டை தொங்கும். அது கரையும் வரை வாய்க்குத் தீனி வேண்டாம். இவர்கள் நாலாம் நாளே பொடித் தீனி போடத் தொடங்கினார்கள், பசிக்குமே என்ற கரிசனம். தின்னாத தீனி பெட்டி மூலைகளில் படிந்தது. பெட்டிக்குள் ஓட்டம் குறைவு, அந்த வாரம் வெப்பம் 31. இரண்டாம் வாரத்தில் குஞ்சுகளின் வயிறு வீங்கி, சிவந்து, ஒவ்வொன்றாக அடியில் புரண்டன. மாதக் கடைசியில் மிஞ்சியது மூன்று.

இதுதான் இந்த நிகழ்வில் மிகவும் கற்றுத்தரும் இடம் என்று நினைக்கிறேன். முட்டையைப் பொரிக்க வைப்பது கடினமாக இருக்கவில்லை. பொரித்த பிறகு வரும் இரண்டு வாரம்தான் கண்டம். அந்த இரண்டு வாரமும் குகைக்குள் ஆண் என்ன செய்கிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். இடைவிடாமல் விசிறுகிறது. குஞ்சின் மேல் ஒரு துகள்கூடத் தங்க விடுவதில்லை. தீனி எதுவும் தருவதில்லை. பெட்டியில் இதன் ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாக நடந்தது.

அடுத்த முறை ஆணிடமே விடுவது, டார்ச் கிடையாது என்று மருமகள் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார்.

மூன்றாம் ஈடும் மிக்ஜாம் புயலும்

வடகிழக்குப் பருவமழையில் குழாய்த் தண்ணீர் தானாகவே குளிர்ந்திருந்தது. நவம்பர் முழுக்கப் பெண் மீன்களின் வயிறு உருண்டிருந்தன. நவம்பர் 29 காலையில் முட்டை இருப்பது தெரிந்தது. காற்றழுத்தம் இறங்குவதுதான் பிளெக்கோவை முட்டையிட வைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஈட்டை அதற்குச் சாட்சியாக வைக்க மாட்டேன். குளிர்ந்த தண்ணீர், நல்ல தீனி, முதிர்ந்த பெண் மூன்றும் ஏற்கெனவே இருந்தன.

டிசம்பர் 3 இரவு மிக்ஜாம் மழை கொட்டத் தொடங்கியது. 4-ஆம் தேதி விடியும் முன் மின்சாரம் போனது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கொளத்தூர், பெரம்பூர் பக்கமெல்லாம் அப்போது எப்படி இருந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. முட்டைக்கு அன்று ஐந்தாவது நாள்.

காலையில் இன்வெர்ட்டர் பாதி தீர்ந்திருந்தது. மின்சாரம் போனதிலிருந்து மின்விசிறியும் விளக்கும் ஓடியிருந்தன. மாமனார் வீட்டிலிருந்த மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஏர் பம்ப்பை மட்டும் ஓட விட்டார். ஏர் பம்ப் ஐந்து வாட்தான். இன்வெர்ட்டர் தனக்கென்று தின்பதையும் சேர்த்தால்கூட, பாதி பேட்டரியில் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். மின்விசிறி போட்டிருந்தால் மதியத்துக்குள் முடிந்திருக்கும்.

அடுத்து கேனிஸ்டர். ஓட்டம் நின்ற கேனிஸ்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியா சில மணி நேரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் முழுவதும் தொட்டியில் கொட்டும். இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். குழாய்களைக் கழற்றி, மீடியாவை (அந்த பாக்டீரியா ஒட்டி வாழும் வடிகட்டிப் பொருள்) எடுத்து, வலைப்பையில் போட்டு, ஏர் ஸ்டோனின் மேல் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டார்கள். தீனி முற்றாக நிறுத்தம். வளர்ந்த மீன் மூன்று நாலு நாள் பட்டினி தாங்கும், தொட்டித் தண்ணீர் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தாங்காது.

பெரிய வாக்குவாதம் முட்டையைப் பற்றித்தான். மாமனாருக்குப் பயம். "வாளியில எடுத்து, பேட்டரி பம்ப் போட்டு தனியா வெச்சிடலாம்மா. குகைக்குள்ளயே இருந்தா முட்டை மூச்சு முட்டிச் செத்துடும்."

"போன தடவை எடுத்ததாலதானே போச்சு, மாமா. நாம தண்ணிக்குக் காத்து மட்டும் குடுப்போம். மிச்சத்தை அது பார்த்துக்கும்."

விட்டுவிடுவது என்றே முடிவானது. ஒரே ஒரு மாற்றம்: இரண்டாவது ஏர் ஸ்டோனைக் குகை வாயிலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார்கள், குமிழி உள்ளே போகாமல், ஆனால் அது கிளப்பும் ஓட்டம் வாயிலைத் தொடும்படி. ஐந்தாம் தேதி இரவு இன்வெர்ட்டர் அடங்கியது. பேட்டரி ஏர் பம்ப் இரண்டு கைவசம் இருந்தது, ஒன்றில் பேட்டரி கசிந்து வீணாகியிருந்தது. ஒன்றை வைத்து ஓட்டினார்கள். இரவில் முறை போட்டுக்கொண்டு, மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றினார்கள். மேல்மட்டம் கலங்கினால்தான் காற்று கரையும்.

வெளிச்சம் இருந்த நேரத்தில் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக ஆணின் வால் மட்டும் தெரிந்தது. வழக்கமாக வால் மெதுவாக அசையும், நின்று நின்று. அந்த இரண்டு நாளும் நிற்காமல் அசைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்ததை ஈடுகட்ட அது வேகமாக விசிறியதாகவே நான் புரிந்துகொள்கிறேன். வாளியில் வைத்த முட்டைக்கு இதைச் செய்ய யாரும் இல்லை.

ஆறாம் தேதி மாலை மின்சாரம் வந்தது. தொட்டி வெப்பம் 28-லிருந்து 25.5-க்கு இறங்கியிருந்தது. கேனிஸ்டரைக் கழுவி, மீடியாவைத் திருப்பி வைத்து ஓட விட்டார்கள். அம்மோனியா சோதனையில் நிறம் மாறவில்லை. வழக்கமான 28 டிகிரியில் ஆறு, ஏழு நாளில் பொரிக்க வேண்டியது குளிரால் தள்ளிப்போய், எட்டாம் தேதி குகை வாயிலில் முட்டை ஓடு கிடந்ததை வைத்துப் பொரித்ததைத் தெரிந்துகொண்டார்கள்.

குகையை விட்டு வந்தவை

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு இரவு, மரக்கட்டையின் மேல் அரை அங்குல நீளத்தில் கோடு போட்ட குஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மூன்று நாளில் எண்ணியது 26. மஞ்சள் கரு எல்லாவற்றுக்கும் கரைந்திருந்தது. ஆண் குகையை விட்டு வந்து, ஒரு மாதப் பட்டினிக்குப் பிறகு முதல் தடவையாகத் தீனி தின்றது.

இங்கேதான் குஞ்சுகளைப் பிரித்தார்கள். தனியாக ஒரு இரண்டடித் தொட்டி. மணல் இல்லை, வெறும் கண்ணாடி அடி, இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு வேவ் மேக்கர். பெரிய தொட்டியின் தண்ணீராலேயே நிரப்பினார்கள். தீனி அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை), நசுக்கிய வில்லைத் துணுக்கு. காலையும் மாலையும் மெல்லிய குழாயால் அடியை உறிஞ்சுவது, உறிஞ்சியதன் அளவுக்குப் புதுத் தண்ணீர். இந்த உறிஞ்சும் வேலை சலிப்பானது, ஒருநாள்கூட விட முடியாதது. மாமனார் அதை ஏற்றுக்கொண்டார். வளர்ச்சி மெதுவாக இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர். 26-இல் 21 அந்த அளவை எட்டின. செப்டம்பர் ஈட்டில் மிஞ்சிய மூன்றும் இவற்றோடு சேர்ந்தன.

மீன்களைப் பிரித்துக் கொடுத்தது

2024 கோடையில் சிலர் கேட்டு வந்தார்கள். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான எதையும் தருவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கொடுத்த ஒவ்வொரு கூட்டத்தோடும் தாய் தந்தை வந்த இடம், பிறந்த மாதம், வளர்ந்த தண்ணீரின் அளவுகள் எழுதிய சீட்டு ஒன்று போனது.

ஒருவர் ஆறு மீனுக்கு நல்ல விலை பேசினார். பேச்சோடு பேச்சாக, வரிக்குதிரையோடு சேர்த்துப் புது வகைக் கோடு கொண்டுவரப் போவதாகச் சொன்னார். ஹைபான்சிஸ்ட்ரஸ் மீன்கள் ஒன்றோடொன்று எளிதாகக் கலந்துவிடும், கலப்புக் குஞ்சை அடுத்த தலைமுறையில் அடையாளம் காண்பது கடினம். ஷிங்குவில் இந்த மீன்களின் வாழிடம் சுருங்கிவரும் நேரத்தில், தொட்டிகளில் இருக்கும் தூய வழியையும் கலக்கிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அவருக்குக் கொடுக்கவில்லை. அந்தத் தொகை அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை அல்ல.

அடுத்த சுற்றில் மாற்றப்போவது

ஏர் பம்ப்புக்கென்று தனியாக ஒரு சிறு பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டரோடு சேராமல். இது ஏற்கெனவே வந்துவிட்டது. பேட்டரி ஏர் பம்ப்புகளை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. கசிந்துபோன அந்த ஒன்று புயல் இன்னும் ஒரு நாள் நீடித்திருந்தால் ஈட்டையே கொண்டுபோயிருக்கும்.

குகையை முட்டை தெரிந்ததிலிருந்து குஞ்சு வெளியே வரும் வரை தொடுவதில்லை. ஆண் முட்டையைத் தள்ளிவிட்டால் மட்டும், தள்ளப்பட்டவற்றைப் பெட்டியில் எடுப்பது. அப்படி எடுத்தாலும் மஞ்சள் கரு கரையும் வரை ஒரு துகள் தீனி போடுவதில்லை, பெட்டிக்குள் நல்ல ஓட்டம் இருக்க வேண்டும்.

இப்போது இருக்கும் குஞ்சுகள் எல்லாம் ஒரே ஆணின் பிள்ளைகள். தாய் எது என்பதுகூட மூன்றாம் ஈட்டில் உறுதியாகத் தெரியாது, நான்கு பெண்களும் ஒன்றாக இருந்தன. ஒதுக்கி வைத்த இரண்டு ஆண்களில் ஒன்று கொளத்தூரிலிருந்து வந்தது. அதற்கு ஒரு தொட்டியும், பெங்களூர் வழியில் வந்த இரண்டு பெண்களும் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கொசப்பேட்டைக் குயவர் அதன் தலைக்கு ஏற்ற அளவில் இன்னொரு குழல் செய்து கொடுத்திருக்கிறார், இம்முறை ஒரே தடவையில் சரியான அகலத்தில். 2024 ஜூலை வரை அந்த ஆண் குகைக்குள் உட்காரத் தொடங்கியிருந்தது, முட்டை இல்லை.